முட்டையை விட்டுப் பிரியாத தாய்
பூச்சிகளின் பிள்ளை வளர்ப்பும் கூட்டு வாழ்வும்

தாய்மை, பராமரிப்பு, குடும்பம் ஆகிய சொற்களைக் கேட்டதும் நம் மனதில் முதலில் மனிதர் தோன்றுவர். அடுத்துப் பூனையும் ஆடும் கோழியும் தோன்றும். பூச்சிகளை அந்த வரிசையில் வைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. சமையலறைக் கரப்பான், கூரை மரத்துக் கறையான், தென்னங்குருத்தைத் துளைக்கும் கருவண்டு என்று பூச்சிகளை நாம் தொல்லைகளாகவே அறிந்திருக்கிறோம். ஆனால் நம் தோட்டத்திலும் குளத்திலும் வீட்டுச் சுவரிலும் வாழும் சில பூச்சிகள் தம் முட்டைகளைக் காக்கின்றன. சில குஞ்சுகளுக்கு உணவு தேடி வைக்கின்றன. ஒன்று தன் பிள்ளைகளை முதுகில் சுமந்தே திரிகின்றது. அவற்றை அறிந்துகொள்வதும், அவற்றுக்கும் நமக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடுவதும் விடுவதும்

உலகில் பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிள்ளை வளர்ப்பதே இல்லை. தகுந்த இடத்தில் முட்டையிடுவதோடு தாயின் கடமை முடிந்துவிடுகிறது. புத்தளம் மாவட்டத்தில் தென்னை வளர்க்கும் எவருக்கும் கருவண்டும் செவ்வண்டும் தெரியும். கருவண்டு உக்கிய தென்னங்குற்றியிலும் சாணக் குவியலிலும் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். செவ்வண்டு தென்னையில் ஏற்பட்ட காயங்களைத் தேடி நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுச் செல்லும். இரண்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை அன்பற்ற செயலென்று சொல்ல முடியாது. இது ஒரு கணக்கு. நிறைய முட்டைகளை இட்டால், பறவைக்கும் எறும்புக்கும் பூஞ்சணத்துக்கும் பெரும் பகுதி போனாலும் சில தப்பிவிடும். மாறாக, சில முட்டைகளை மட்டும் இட்டு அருகில் இருந்து காத்தால் அவற்றில் அதிகமானவை பிழைக்கும். ஆனால் காக்கும் நாட்களில் தாய் வயிறார உண்ண முடியாது. மறுமுறை முட்டையிட முடியாது. தானே இரையாகும் ஆபத்தும் உண்டு. எனவே முட்டைகளைத் தனியே விட்டால் அநேகமாக எல்லாமே அழிந்துவிடும் என்ற நிலை உள்ள இடங்களில்தான் பராமரிப்பு தோன்றுகிறது. ஈரமும் பூஞ்சணமும் மிகுந்த இடம், எதிரி நிறைந்த இடம், உணவு அரிதாகவும் திடீரெனவும் கிடைக்கும் இடம் ஆகியன அத்தகையவை.

மட்டைக்குக் கீழே ஒரு காவல்

தோட்டத்தில் நாட்கணக்கில் கிடக்கும் ஈரத் தென்னோலையையோ பொச்சு மட்டையையோ புரட்டினால், மெலிந்த உடலும் வால் நுனியில் இடுக்கி போன்ற ஓர் உறுப்பும் கொண்ட கரிய அல்லது பழுப்புப் பூச்சியொன்று விரைந்தோடுவதைக் காணலாம். இது காதுக்குள் புகுந்து மூளையைத் துளைக்கும் என்ற அச்சம் பல நாடுகளிலும் இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரே காதோடு சேர்ந்து வழங்குவது அதனால்தான். அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடையாது. வசதிக்காக இதை இங்கு இடுக்கிவாற் பூச்சி என்போம்.

இதன் பெண் மண்ணுக்குள் சிறு குழி தோண்டி, வெண்ணிற முட்டைகளை ஒரு குவியலாக இடும். பின்னர் அவற்றை விட்டு அகலாது. முட்டைகளை ஒவ்வொன்றாக வாயால் எடுத்து, புரட்டி, நக்கித் துடைக்கும். இது வெறும் கொஞ்சல் அன்று. ஈரமண்ணில் கிடக்கும் முட்டைகளில் பூஞ்சணம் படியும். தாய் துடைத்துக்கொண்டிருக்கும் வரை அது வளர இடமில்லை. தாயை அப்புறப்படுத்திவிட்டால் முட்டைகள் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன என்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. சுவீடன் நாட்டு அறிஞர் சார்ள்ஸ் டி கீர் இப்பூச்சியின் தாய்மையைப் பற்றி 1773ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் ஒரு தாயையும் முட்டைகளையும் பெட்டியொன்றில் இட்டு, முட்டைகளை அங்குமிங்கும் சிதறிவிட்டார். தாய் அவற்றை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து மறுபடியும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டது.

முட்டை பொரித்தபின் குஞ்சுகள் சில நாட்கள் தாயோடு கூடியிருக்கும். நம் விஞ்ஞானப் பாடநூல்களில் அணங்கு என்று அழைக்கப்படும் இளம் பருவம் இதுதான். பின்னர் அவை பிரிந்து தம் வழியே செல்லும். தாயும் அவற்றைத் தன் பிள்ளைகளாக அடையாளம் காண்பதை நிறுத்திவிடும்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கரிய இனமொன்று தென்னையின் உச்சியில், மட்டைகளின் இடுக்கில் வாழ்கிறது. அது செவ்வண்டின் முட்டைகளையும் இளம் குடம்பிகளையும் தின்பதைத் தென்னிந்திய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் தொல்லை என்று நசுக்கும் ஒரு பூச்சி, நம் தென்னைக்குச் சம்பளம் கேளாத காவலாளி!

முதுகில் சுமக்கும் தந்தை

குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தட்டையான, பழுப்பு நிற நீர்ப்பூச்சியொன்று வாழ்கிறது. சிலவேளை அதன் முதுகு முழுவதும் முத்துப் பதித்தாற்போல் முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கையியலாளர்கள் இதைப் பார்த்து, தாய்தான் தன் முட்டைகளைத் தன் முதுகிலேயே இட்டுச் சுமக்கிறது என்று எழுதிவிட்டார்கள். பிள்ளை சுமப்பது தாயாகத்தானே இருக்கும் என்பது அவர்களது எண்ணம்.

1899இல் புளோரன்ஸ் வெல்ஸ் சிலேற்றர் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முட்டை சுமக்கும் பூச்சிகள் அனைத்தும் ஆண்கள் என்று அவர் கண்டார். பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டைகளை ஒட்டிவிட்டுச் செல்கிறது; அவை பொரிக்கும் வரை சுமப்பது தந்தை. எல்லோரும் எண்ணியதை அப்படியே ஏற்காமல், பூச்சியைக் கையில் எடுத்து ஆணா பெண்ணா என்று பார்த்ததால் வந்த கண்டுபிடிப்பு இது. விஞ்ஞானம் கற்கும் நம் மாணவியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பாடமும் இதுவே.

ஏன் சுமக்க வேண்டும்? இப்பூச்சியின் முட்டைகள் பெரியவை. தண்ணீருக்குள் ஆழத்தில் கிடந்தால் அவற்றுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காது. தண்ணீருக்கு வெளியே கிடந்தால் வெயிலில் உலர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்க ஒருவர் தேவை. தந்தை நீர்மட்டத்துக்கு வந்து முதுகைக் காற்றுப்படச் செய்கிறது. பின் நீருக்குள் மூழ்கி உடலை அசைத்து முட்டைகளின் மேல் புதுநீர் ஓடச் செய்கிறது. அந்தச் சுமையோடு அதனால் பறக்க இயலாது, வேட்டையாடுவதும் கடினம். சுமை இல்லாத நாட்களில் இப்பூச்சி விரும்பி உண்பவற்றுள் நுளம்புக் குடம்பிகளும் அடங்கும். டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சி வாழும் நமக்கு இது சிறிய செய்தி அன்று.

சேமித்து வைக்கும் தாய்

பிள்ளையைக் காணாமலேயே பிள்ளைக்கு உணவு தேடி வைக்கும் தாயும் உண்டு. வீட்டுச் சுவர் மூலையிலும் யன்னல் நிலையிலும் மண்ணால் சிறு கூடு கட்டும் குளவி அத்தகையது. குளவி ஒரு புழுவைப் பிடித்து வந்து கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டி அதைத் தன்னைப் போல் குளவியாக்கிவிடும் என்று நம் முன்னோர் நம்பினர். கூட்டுக்குள் புழு போனதையும் குளவி வெளிவந்ததையும் அவர்கள் சரியாகவே கவனித்தார்கள். இடையில் நடந்ததுதான் கண்ணுக்குத் தெரியவில்லை. குளவி தன் கொடுக்கால் புழுவைக் கொல்வதில்லை, அசைவற்றதாக்குகிறது. அதனால் இறைச்சி கெடாமல் இருக்கும். அக்கூட்டுக்குள் தன் முட்டையையும் இட்டு வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுச் செல்லும். முட்டையிலிருந்து வரும் குடம்பி அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி, மண்ணை உடைத்து வெளியேறும். சில குளவி இனங்கள் புழுவுக்குப் பதில் சிலந்திகளைச் சேமிக்கும்.

சாணி வண்டுகள் இன்னும் ஒரு படி மேல். புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும் கழுதைகள் தெருவில் திரிவது நமக்கு அன்றாடக் காட்சி. அவற்றின் விட்டையும், மாட்டுச் சாணமும், வில்பத்துக் காட்டின் யானை இலத்தியும் தரையிலேயே குவிந்து கிடப்பதில்லை. சாணி வண்டுகள் அவற்றை உருட்டியும் புதைத்தும் மண்ணுக்குள் கொண்டு செல்கின்றன. மண் உரமடைகிறது, காற்றோட்டம் பெறுகிறது, ஈக்கள் பெருக இடம் குறைகிறது. இவற்றுள் ஓர் இனக் குழுவில், தாய் நிலத்தடியில் அறை தோண்டிச் சாணத்தால் சில உருண்டைகள் செய்து, உருண்டைக்கு ஒரு முட்டை வீதம் இடும். பின் தானும் அந்த அறைக்குள்ளேயே தங்கிவிடும். உருண்டையில் வெடிப்பு ஏற்பட்டால் பூசி மெழுகும். பூஞ்சணம் படர்ந்தால் சுரண்டியெடுக்கும். பிள்ளைகள் வண்டுகளாகி வெளியேறும் வரை வாரக்கணக்கில் இந்தக் காவல் தொடரும். பிரான்சு நாட்டின் பூச்சியியல் எழுத்தாளர் ழான் ஹென்றி பாப்ர் இதை நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தத் தாய் இடும் முட்டைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நூற்றுக்கணக்கில் இடும் செவ்வண்டோடு ஒப்பிட்டால், நாம் முன்னர் கூறிய கணக்கு விளங்கும்.

கரப்பானிலிருந்து கறையானுக்கு

பிள்ளை வளர்ப்புக்கும் கூட்டு வாழ்வுக்கும் உள்ள தொடர்பை அறிய, நாம் வெறுக்கும் கரப்பானிடமே போக வேண்டும். பெரிய வீட்டுக் கரப்பான் தன் முட்டைப் பெட்டியை ஓரிரு நாளில் ஒரு மூலையில் ஒட்டிவிட்டுப் போய்விடும். சமையலறையில் காணும் சிறிய இனமோ முப்பது, நாற்பது முட்டைகள் கொண்ட பெட்டியைப் பொரிக்கும் தறுவாய் வரை வயிற்று நுனியில் சுமந்து திரியும். அதன் குஞ்சுகள் கூட்டமாக வளர்ந்தால் விரைவாக வளர்கின்றன. தனியே வளர்க்கப்பட்டால் வளர்ச்சி தாமதமாகிறது. கரப்பானுக்கும் துணை வேண்டியிருக்கிறது!

வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் உக்கிய மரக்குற்றிக்குள் வாழும் கரப்பான் இனமொன்றில் தாயும் தந்தையும் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளோடு ஒரே குற்றிக்குள் வசிக்கின்றன. மரத்தைத் தின்பது எளிது, செரிப்பது கடினம். அதைச் செய்வன அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அந்த நுண்ணுயிர்களோடு எந்தக் குஞ்சும் பிறப்பதில்லை. பெற்றோரின் குடலிலிருந்து வெளிப்படும் திரவத்தை உண்டுதான் பெறவேண்டும். ஆகவே இந்தக் குடும்பத்தில் சேர்ந்து வாழ்வது விருப்பம் மட்டுமன்று. அது இன்றேல் உணவே செரிக்காது.

இக்கரப்பானின் நெருங்கிய உறவினரே கறையான். 2007இல் இலண்டன் ஆய்வாளர்கள் மரபணுச் சான்றுகளைக் கொண்டு, கறையான்கள் உண்மையில் கூட்டு வாழ்வு கற்ற கரப்பான்களே என்று காட்டினர். அரசி, அரசன், தொழிலாளி, காவலாளி எனப் பிரிந்து பல இலட்சம் உயிர்கள் வாழும் புற்று, ஒரு மரக்குற்றிக்குள் பிள்ளைகளோடு அடங்கியிருந்த சிறு குடும்பத்திலிருந்து தொடங்கியது என்று இதனால் விளங்குகிறது.

அரசி இல்லாவிடினும் நிற்கும் வீடு

குடும்பம் எப்போது சமூகமாகிறது? அமெரிக்கப் பூச்சியியலாளர் சுசான் பத்ரா இந்தியாவில் மண்ணுக்குள் கூடு தோண்டும் சிறு தேனீக்களை ஆராய்ந்து, தாயும் வளர்ந்த மகள்களும் சேர்ந்து உழைக்கும் வாழ்வுக்கு 1966இல் ஒரு தனிப் பெயர் சூட்டினார். இன்று பூச்சியியலாளர் முழுமையான சமூக வாழ்வுக்கு மூன்று அடையாளங்கள் கூறுவர். குஞ்சுகளைப் பலர் சேர்ந்து வளர்க்க வேண்டும். இரு தலைமுறைகள் ஒரே கூட்டில் வாழ வேண்டும். சிலர் மட்டுமே முட்டையிட, மற்றவர் உழைக்க வேண்டும். எறும்பு, கறையான், தேனீ ஆகியவற்றில் மூன்றும் உண்டு. இடுக்கிவாற் பூச்சியில் இவற்றுள் எதுவும் நிறைவாக இல்லை. ஆனால் தாயும் பிள்ளையும் சில நாள் கூடியிருக்கும் அந்தத் தொடக்கம் அங்கே இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு காகிதக் குளவி. மரநாரை மென்று காகிதம் போன்ற திறந்த கூட்டைத் தாழ்வாரங்களில் தொங்கவிடும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2001இல் பெரிய நூலொன்றும் எழுதினார். இக்குளவியில் அரசிக்கும் தொழிலாளிக்கும் உருவத்தில் வேறுபாடு இல்லை. அரசியை அகற்றினால் தொழிலாளி ஒன்று சில நாட்கள் மூர்க்கமாகி, பின் அடங்கி, தானே அரசியாகிறது. அப்படியானால் ஒவ்வொன்றும் தனிக்கூடு கட்டிச் சொந்தப் பிள்ளைகளை வளர்க்கலாமே? ஏன் இன்னொன்றின் பிள்ளைக்கு உழைக்க வேண்டும்?

விடைகளில் ஒன்று மனதைத் தொடுவது. இக்குளவியின் முட்டை வளர்ந்து முழுக் குளவியாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தேவை. தொழிலாளியின் சராசரி ஆயுளோ ஒரு மாதத்துக்கும் குறைவு. தனியே கூடு கட்டிய தாய் இடையில் இறந்தால் குஞ்சுகளும் அழியும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கூட்டத்தில் ஒன்று இறந்தால் மற்றொன்று அந்தக் குஞ்சுக்கு உணவூட்டும். தொடங்கியவள் முடிக்காவிட்டாலும் வேலை முடிவடையும்.

நம் மாமரத்து முசுறு இதன் உச்சம். தொழிலாளர்கள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் குடம்பிகளை வாயில் கவ்வி, நெசவுக்காரர் நாடாவை ஓட்டுவதுபோல் இலை விளிம்புகளுக்கிடையே ஓட்டும். குடம்பி சுரக்கும் பட்டு இலைகளைத் தைக்கும். ஜேர்மன் விலங்கியலாளர் பிரான்ஸ் டொப்லைன் இக்காட்சியை இலங்கையிலேயே கண்டு 1905இல் எழுதினார். தன்னைச் சுற்றிக் கூடு பின்னிக்கொள்ள வேண்டிய பட்டைக் குடம்பி முழு வீட்டுக்கும் கொடுத்துவிடுகிறது. இங்கே பிள்ளையும் வீட்டைத் தாங்குகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலும் (16) எறும்பின் பெயராலும் (27) அத்தியாயங்கள் அமைந்திருப்பதை நாம் அறிவோம். சிற்றுயிர்களை ஊன்றிப் பார்ப்பது நமக்கு அந்நியமான பழக்கம் அன்று. எனினும் பார்த்தவுடன் அவசரமாக நீதி சொல்லிவிடக் கூடாது. இடுக்கிவாற் பூச்சி தியாகம் செய்ய எண்ணிச் செய்வதில்லை. முட்டையிட்டு அகலும் வண்டு கல்நெஞ்சக்காரியும் அல்ல. அவற்றுக்கு வேறு வழி தெரியாது. மனிதருக்குத் தெரியும். வெளிநாட்டுக்கு உழைக்கப் போன உம்மாவின் பிள்ளையை உம்மம்மாவும் சாச்சியும் வளர்த்து ஆளாக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! ஒருவர் இல்லாத இடத்தை இன்னொருவர் நிரப்புவது குளவிக் கூட்டில் இயல்பு. நம் வீட்டில் அது தெரிந்தெடுத்துச் செய்யும் நன்மை. அதனாலேயே அதற்கு நாம் நன்றி சொல்லவும் கடமைப்பட்டவர்கள்.

இன்னொன்று, விவசாயம் செய்யும் பெற்றோருக்கு. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிப்போர் பீடைநாசினியை நம்பியே வாழ்கின்றனர். பயிரைக் காப்பது அவசியந்தான். ஆனால் தெளிக்கும் நஞ்சு பீடையையும் பீடையைத் தின்னும் பூச்சியையும் பிரித்தறியாது. நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு விட்டுச் செல்லும் பீடை விரைவில் மீண்டும் பெருகிவிடும். சில முட்டைகளை இட்டு அருகிலிருந்து காக்கும் பூச்சியோ, தாய் இறந்தால் பிள்ளைகளும் அழிவதால், மீண்டுவர நெடுங்காலம் எடுக்கும். இவ்வாறு அடிக்கடி தெளிக்கும் நிலத்தில் நமக்கு உதவுவன குறைந்து, உபத்திரவம் தருவன மிஞ்சுகின்றன.

பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1970இல் தென்னோலையைச் சுரண்டித் தின்னும் புதிய வண்டொன்று இலங்கையில் பரவத் தொடங்கியது. நம் மாவட்டத்தின் லுணுவிலவில் 1929 முதல் இயங்கிவரும் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் அக்காலத்தில் தென்னை ஆய்வின் மையமாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட மிகச் சிறிய குளவி இனமொன்று தோட்டங்களில் விடப்பட்டு, அந்த வண்டு கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

மாணவியரே, இவற்றை அறியப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், தோட்டத்து ஈர மட்டையொன்றைத் தடியால் மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். முட்டைக் குவியலின் மேல் ஒரு பூச்சி அசையாமல் நின்றால், அது ஓடத் தெரியாமல் நிற்கவில்லை. நாளையும் மறுநாளும் அதே நேரத்தில் சென்று, கண்டதைத் திகதியோடு கொப்பியில் குறித்து வையுங்கள். பார்த்து முடிந்ததும் மட்டையை முன்பு இருந்தபடியே மூடிவிடுங்கள். உள்ளே ஒரு தாய் வேலையாக இருக்கிறாள்.